கையில் இருந்த முட்டை

மார்வா சாமான் அறைக்குள் போய்க் கதவடியில் பழைய துண்டைத் திணித்து வெளிச்சத்தை அடைத்தாள். ஜன்னலில் ஏற்கெனவே போர்வை தொங்கியது. கோழிமுட்டைகளை அடைகாக்கும் பெட்டியைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரம் முகத்தில் பட்டது.

கூடத்தில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கணவன் எல்டன் காலையிலிருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ஈரலில் புற்று. வைத்தியம் போதும், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று வந்தவன். அமெரிக்க அயோவாவின் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைப் புரட்டி, துடைத்து, மருந்து புகட்டி, நின்றபடியே தூங்க மார்வாவுக்குப் பழகிவிட்டது.

நேற்று கொஞ்சம் தெளிந்திருந்தபோது அவன்தான் ஞாபகப்படுத்தினான்.

“முட்டையெல்லாம் லைட் அடிச்சுப் பாத்தியா? கெட்டது உள்ள கிடந்தா வெடிச்சு எல்லாத்தையும் நாசம் பண்ணிடும்.”

“இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்.”

“என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தா நான் என்ன குஞ்சா பொரிக்கப் போறேன்? போய்ப் பாருடி.”

இன்று அவனுடைய அக்கா ரோஸ்லின் வந்து கட்டிலருகே உட்கார்ந்த பிறகுதான் மார்வாவால் எழ முடிந்தது.

“அவன் இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கான். நீ கோழி பாக்கப் போறியா?”

“கொஞ்ச நேரம்தான், ரோஸ்லின். ஏதாவதுன்னா கூப்பிடு.”

டார்ச்சின் வாயில் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்தாள். ஓடு செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தன. அடுத்ததில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் நிழல். இன்னொன்றில் ரத்தம் வளையமாக ஒதுங்கி நின்றது. வளர்ந்து, பாதியில் நின்றுபோனது. அவை இரண்டையும் வாளியில் போட்டாள்.

எல்லாம் பார்த்து முடித்தும் அவள் வெளியே போகவில்லை. அந்த இருட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நல்லதென்று தெரிந்த ஒரு முட்டையையே மறுபடி எடுத்து ஒளியில் வைத்தாள். நரம்புகளின் நடுவே கருப்புப் புள்ளி ஒன்று மெல்ல ஆடியது.

“மார்வா!”

புள்ளி நின்றது. மீண்டும் ஆடியது.

“மார்வா, சீக்கிரம் வா!”

அது மூன்றாம் முறை ஆடும்வரை பார்த்தாள். பிறகு முட்டையை அதன் இடத்தில் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு வந்தாள்.

கூடத்தில் இழுப்புச் சத்தம் இல்லை. ரோஸ்லின் தம்பியின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

“நான் கூப்பிட்டது கேக்கலையா உனக்கு?”

“கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“கையில முட்டை இருந்துச்சு.”

மார்வா எல்டனின் தாடையை மெல்ல மேலே தள்ளிச் சரிசெய்தாள். ஈரத்துணியால் உதட்டோரம் துடைத்தாள். இத்தனை மாதமும் துடைத்த அதே கை, அதே அழுத்தம்.

வழக்கமாக வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்து இறப்பை உறுதிசெய்துவிட்டுப் போனாள். மதியத்துக்குப் பிறகு சவ அடக்க நிலையத்து ஆட்கள் வந்து அவனைக் கொண்டுபோனார்கள்.

காப்பி போட்டுக்கொண்டு ரோஸ்லின் திரும்பி வந்தபோது, விரிப்பு எடுத்த அந்தக் கட்டிலிலேயே மார்வா சரிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கோழிக்கொட்டகைச் சேறு காய்ந்த பூட்ஸ் காலோடு.

ரோஸ்லின் கோப்பைகளைத் தரையில் வைத்தாள். குனிந்து நாடாவை அவிழ்த்தாள். ஒரு பூட்ஸ் சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. மற்றதில் முடிச்சு இறுகியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.