சகலையின் கையிருப்பு

என் மனைவியும் அவள் தங்கையும் சேர்ந்து தையல் கடை நடத்துகிறார்கள். ஓய்வு பெற்ற கணவன்மார் இரண்டு பேரும் வாடிக்கையாளர் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். சகலை ஒரு கம்பெனியில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட்.

நான் கதை சொன்னால் மனைவியின் கால் மிதிகட்டையை விட்டு எழும். மெஷின் நிற்கும். எனக்கு வேண்டிய கைதட்டல் அவ்வளவுதான். சகலை ஓய்வு பெற்று வரும்வரை அதற்குக் குறைவில்லை.

அவர் வந்த புதிதில், ஒரு பழைய லிஃப்ட்டுக்கு ஜலதோஷம் பிடித்து மாடிக்கு மாடி தும்மியதையும், நான் அதற்கு ஆவி பிடித்துக் குணமாக்கியதையும் தொண்டை வற்றச் சொல்லி முடித்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சகலை பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ரிடிக்குலஸ்" என்றார். இரண்டு மெஷினும் நின்றன. அக்காளும் தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சமைத்தது நான், ஏப்பம் விட்டது அவர்.

அடுத்த கதைக்கு 'அப்சர்ட்'. அதற்கடுத்ததற்கு 'லூடிக்ரஸ்'. எல்லாவற்றுக்கும் அர்த்தம் அபத்தம்தானாம். ஒரே அர்த்தத்துக்கு எதற்கு இத்தனை வார்த்தை என்று கேட்டேன்.

"அளவு இருக்கு அண்ணே. நான்சென்ஸ் குழந்தை சைஸ். ரிடிக்குலஸ் பெரியவங்களுக்கு. ப்ரிபாஸ்டரஸ்னா தொளதொளன்னு இருக்கும்."

ஒரு நாள் கைக்குட்டை அளவு துணியைக் கொண்டுவந்த பெண் ஒருத்தி அதில் முழுநீள கவுன் கேட்டாள். அவள் போனதும் என் மனைவி, "ப்ரிபாஸ்டரஸ்" என்றாள். சகலையைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் பெஞ்சே சூடாகி, சகலை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு முறை சொன்ன வார்த்தையை அவர் மறுபடி சொல்வதில்லை. அடித்த எழுத்தின் மேலேயே அடிக்கக் கூசும் டைப்பிஸ்ட் புத்தி. அப்படியானால் கையிருப்பு ஒரு நாள் தீரும். காலையும் மாலையும் கதைகளை அவிழ்த்துவிட்டேன். சகலை இளைத்தார். மனுஷன் டிக்‌ஷனரியோடு பாத்ரூமுக்குள் போனால் வெளியே வருவதில்லை என்று மச்சினி குறைப்பட்டுக்கொண்டாளாம். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மதியம் அவர் துடைத்துவைத்த சிலேட் மாதிரி முகத்தோடு வந்தார்; கையிருப்பு காலி என்று தெரிந்தது. கடைசிக்கென்று வைத்திருந்ததை எடுத்தேன். கயிற்றுக்கு கிரீஸ் கூடிப்போய் என் லிஃப்ட் மேல்மாடியைத் தாண்டி வானத்துக்குப் போய்விட்டது. திரும்பும்போது உச்சியில் ஒரு காக்கைக் கூடு. கீழே இறங்குவதற்குள் முட்டை பொரிந்து, கதவு திறந்ததும் குஞ்சுகள் வரிசையாக இறங்கிப் போயின.

மனைவியின் கால் மிதிகட்டையில் தயங்கியது. சகலை வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாசிபிள்" என்றார். "நடக்கக்கூடியதுதான் அண்ணே. கிரீஸ் ஜாஸ்தியானா போகும்."

மச்சினி தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். என் மனைவிக்குப் புரையேறியது. என்னைப் பொய்யன் என்றவர்கள் எத்தனையோ பேர். இப்படி நம்பி யாரும் அவமானப்படுத்தியதில்லை.

மறுநாள் நான் வாய் திறக்கவில்லை. மெஷின் தடதடவென்று ஓடி, திடீரென்று நின்றது.

"என்னங்க, நாக்கு ரிப்பேரா?" என்றாள் மனைவி.

நடக்கக்கூடியதைச் சொல்கிறவன் ஆகிவிட்டேன், இனி என்ன இருக்கிறது சொல்ல என்றேன்.

"அவர் நம்பினா நம்பிட்டுப் போறார். கல்யாணத்துக்கு முன்னாடி 'எனக்கு அதிகம் பேச வராது'ன்னு சொன்னீங்களே, அன்னையிலிருந்து உங்க பேச்சுல ஒண்ணைக்கூட நான் நம்பினதில்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கால் மிதிகட்டைக்குத் திரும்பவே இல்லை. சகலை பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். இத்தனை நாள் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

பாவமாக இருந்தது. அவருக்கு ஒரு டீ சொன்னேன். சர்க்கரை மட்டும் போட வேண்டாம் என்றேன்.