மேற்கே பார்த்து நின்றவர்கள்

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாக நின்றிருந்தோம். மாமல்லபுரத்தில் சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் கிழக்கே பார்க்க, எங்களுக்கு மட்டும் சவுக்குத் தோப்பும் ஒரு பிரியாணிக் கடையின் பின்சுவரும். எல்லாம் ஹரிசங்கர் செய்த வேலை. கேளம்பாக்கம் பக்கம் எங்கள் பல்கலைக்கழகத்தில் எகிப்து வட்டம் என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சி மாணவனான அவன் தலைவன். பாடம் நடத்துகிற நான் செயலாளர். மற்ற துறைக்காரர்கள் எங்களைப் பிணம் காக்கிற கும்பல் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பழைய எகிப்தில், செத்தவரின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அவர் வாழ்கிறார். சொல்ல ஆளில்லாமல் போனால் இரண்டாம் முறையும் சாகிறார். ஒரு மூச்சுதானே, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கல்லறைச் சுவர்களில் வழிப்போக்கர்களிடம் கெஞ்சியிருக்கிறார்கள். அதனால் வருடத்துக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றி, அவரவர் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். இறந்தவர்களின் நாடு மேற்கே இருக்கிறது, ஆகவே மேற்கேதான் பார்க்க வேண்டும் என்பது ஹரிசங்கரின் சட்டம். நைல் நதிக்கரையின் திசையை இங்கே கொண்டுவந்து நட்டால் பிரியாணிக் கடைதான் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

இந்த முறை எங்கள் மாணவி அன்பரசி தன் அம்மா பாப்பாவை அழைத்து வந்திருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டட வேலையில் சாரம் சரிந்து அப்பா போய்விட்டார். புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை பாப்பா; அவர் இருந்தபோதும் சொன்னதில்லை, போன பிறகும் இல்லை. போன வாரம் சாப்பிடும்போது மகள் எகிப்துக் கதையை விளையாட்டாகச் சொல்லிவைக்க, அந்த அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லையாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்டார்:

"அப்ப இத்தினி வருசமா நாந்தான் அவர சாவடிச்சிகினு கீறேனா, மேடம்?"

அது வெறும் நம்பிக்கைதான் என்று ஏதேதோ உளறினேன்.

நான் என் சித்தப்பா ஆராவமுதன் பெயரைச் சொன்னேன். அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரிதான் இருந்தது. கடைசியாகப் பாப்பா சொம்பை வாங்கிக்கொண்டார். "அன்பரசி அப்பா" என்றார். அது பெயரில்லை என்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டிக்கொண்டார். போதும் விட்டுவிடு என்று அன்பரசி கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு ஹரிசங்கரைப் பார்த்தார்.

"தம்பி, எங்கூரு இந்தப் பக்கந்தான?"

ஆமாம் என்றான். தோப்புக்கு அந்தப் பக்கம், மேற்கேதான் அவர்கள் ஊர். புருஷனைப் புதைத்த கல்லறைத் தோட்டமும் அங்கேதான். நாங்கள் பார்த்து நின்ற திசையில்தான் அவர் இருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாப்பா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஆபிரகாமு."

வயலில் தூரத்தில் நிற்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். அந்தக் கெஞ்சலை எத்தனை கல்வெட்டுப் படங்களில் படித்திருக்கிறேன்! ஒரு மூச்சு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஹரிசங்கர் மெல்லச் செருப்பைக் கழற்றினான். அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அந்தப் பெயரை அந்த வாயிலிருந்து அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஆபிரகாமு, நாந்தான் பாப்பா."

முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறிவிட்டிருந்தது. எங்கள் நிழல்களெல்லாம் மணலில் நீண்டு தோப்பு வரைக்கும் போயிருந்தன. பாப்பா மிச்சத் தண்ணீரைத் தன் நிழல்மேல் ஊற்றிவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம்.