வழுக்கி விழுந்தவர்கள்

அன்று முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள்: பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அவருடைய தங்கை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள், கணக்கெடுக்க வந்த நர்ஸ். பெரியவரின் மனைவி இறந்து இருபது நாளாகியிருந்தது.

“எப்படித் தவறினாங்க?” என்று நர்ஸ் படிவத்தை விரித்தார்.

“குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்கம்மா,” என்றாள் தங்கை, அண்ணன் வாயைத் திறக்குமுன்.

நர்ஸ் பேனாவை மூடினார். “இந்தத் தெருவுல இது ஏழாவது வீடு. எல்லா வீட்லயும் வழுக்கித்தான் விழுறாங்க. அப்படி என்னதான் தரை போட்டிருக்கீங்க?”

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பக்கவாதம் வந்த வீடு என்று பெயரெடுத்தால் அங்கே யார் பெண் எடுப்பார்கள்? அதனால்தான் முப்பது வருடம், கேட்டு வந்த குடும்பங்களுக்கெல்லாம் ‘வழுக்கி விழுந்து’ என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பல வீடுகளின் மானத்தைக் காத்தவர் என்று ஊரில் மரியாதையும் இருந்தது.

“கீழ ஊர்ல உள்ளதை உள்ளபடி சொல்றாங்க,” என்றார் நர்ஸ். “கேஸ் அதிகம்னு அங்க ஸ்கேன் மெஷின், டாக்டர், ஊசி மருந்து எல்லாம் குடுத்தாங்க. சீக்கிரம் வர்றவங்கள்ல பாதிப் பேரு நடந்தே வீட்டுக்குப் போறாங்க. உங்க பக்கம் முப்பது வருஷமா ஒரு கேஸ்கூட இல்ல. ரொம்ப ஆரோக்கியமான பகுதின்னு மேலிடத்துல பாராட்டுறாங்க.”

இருபது நாளுக்கு முன் அந்தக் கீழ ஊருக்குத்தான் நான்கு மணி நேரம் வண்டி ஓடியது. மனைவி வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தாள். அவர் கையைக் கடைசிவரை பிடித்திருந்தது அவளுடைய இடக்கை.

“அம்மா விழல,” என்றாள் மகள். “டீ குடிச்சிட்டிருக்கும்போது வாய் கோணிக்கிச்சு. பேச்சு குழறிச்சு. எழுதிக்குங்க.”

“அடியே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்டி.”

“நிக்கட்டும் அத்தை. நாளைக்கு எனக்கு வந்தா, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவீங்க?”

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிவத்தை வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் ‘பக்கவாதம்’ என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அதன்பின் வரவில்லை. அந்தப் பகுதியில் அவ்வாண்டு நோயாளி ஒருவர் என்று அறிக்கை வந்தது. ஒருவருக்காக இயந்திரம் ஒதுக்க இயலாது என்று கூடவே ஒரு கடிதமும் வந்தது.

அந்தத் தெருவுக்குப் பக்கவாதம் பெரியவர் வீட்டு வழியாகத்தான் நுழைந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அதற்கு முன்பே அங்கே பதினாறு பேர் அந்த நோயில் இறந்திருக்கிறார்கள். பதினாறு பதிவுகளிலும் பெரியவரின் கையெழுத்து இருக்கிறது.