அறுபத்தொரு சிவப்புக் கோடுகள்
தகடு அழுத்தும் இயந்திரம் மச்சானின் வலது கையை மணிக்கட்டுவரை நசுக்கியபோது, அதை இயக்கும் கணினி நிரலை எழுதியவன் மாடியில் இருந்தான். அலறல் கேட்டு இறங்கி ஓடினான். மனைவியின் அண்ணன் முழங்காலிட்டுக் கிடந்தார். இயந்திரம் நிற்காமல் ஏறி இறங்கியது. ரத்தத்தில் ஊறிய கையுறை மேல்பலகையில் ஒட்டிக்கொண்டு கூடவே ஏறி இறங்கியது. யாரோ மின்சாரத்தை அணைத்தார்கள்.

மறுநாளே காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே கை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சாரின் ஒயர் அறுந்திருந்தது. எந்தப் பிழை வந்தாலும் அதனுள் ஒரு செய்தி இருக்கும் என்று நம்பி, முதலில் செய்தியைப் பதிந்து, பிறகு இயந்திரத்தை நிறுத்தும்படி எழுதியிருந்தான். அன்று செய்தியே வரவில்லை. வந்தது வெற்றுப் பிழை. இல்லாத செய்தியைத் தேடிப்போய் நிரல் அங்கேயே செயலிழந்து விழுந்தது. நிறுத்தும் வரிக்கு அது வரவேயில்லை. வந்த பிழை என்ன வகை என்று பார்க்காமல் அதைத் தொடும் வரிகளுக்கெல்லாம், எழுதும்போதே சிவப்புக் கோடு போட்டுத் தடுக்கும் கண்டிப்பான சோதனை ஒன்று உண்டு. வேலை இழுக்கிறது என்று அதை அணைத்து வைத்தவனும் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் மச்சான் இடது கையால் இரும்புத் தட்டை எடுத்து முகத்தில் அறைந்தார். இரண்டு பற்கள் தெறித்தன. மனைவி குறுக்கே வரவில்லை.

"உனக்கு வேலை இழுத்துச்சு, எனக்குக் கை போச்சு மாப்ள," என்றார் மச்சான்.

வீங்கிய வாயோடு போய்ச் சோதனையை முடுக்கினான். நிரலில் அறுபத்தொரு இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது. திருத்தும்வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்றான். ஒயரைத்தான் மாற்றியாயிற்றே என்றார் மேலாளர்.

மறுநாள் காலையில் மச்சானின் இடத்தில் வேறொரு தொழிலாளி இயந்திரத்தை ஓட்ட நின்றார். அவன் பெரிய ஸ்பேனரை எடுத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடித்து நொறுக்கினான். காவலாளிகள் அவனைத் தரையில் போட்டு மிதித்ததில் தோள்மூட்டு நழுவியது.

"இன்னொருத்தர் கையும் போகணுமா சார்?" என்றான், தரையில் கிடந்தபடியே.

புதுப் பெட்டி வர ஐந்து நாளாயிற்று. நிரலை அறிந்தவர் வேறு யாருமில்லாததால் மேலாளர் அவனையே உட்காரவைத்தார். ஒரு கை கழுத்திலிருந்து தூளிக்கட்டில் தொங்க, மறு கையால் விசைப்பலகையைத் தட்டினான். வருவது எதுவானாலும் முதலில் நிறுத்து, அப்புறம் என்ன வகையென்று பார் என்று ஒவ்வொரு இடமாக மாற்றினான். கடைசியில் கைக்குப் பதிலாக மரக்கட்டையை வைத்து, சென்சார் ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் இயந்திரம் பாதியில் நின்றது. அன்றே அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். பெட்டியை உடைத்ததற்கு வழக்கும் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, மச்சானின் இடத்துக்கு வந்த அந்தத் தொழிலாளி போன் செய்தார். ஒயர் மறுபடி அறுந்ததாம். பலகை கைக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டதாம். மனைவி இதை அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். அவனைப் பார்க்க மட்டும் சம்மதிக்கவில்லை.