மலையில் ஒரு நிலம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸின் முன்வாசல் வழியாகத் தெய்வசிகாமணி ஏறியதும், கமலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஏறினாள். கட்டிய புருஷனை இப்படி ஒளிந்து ஒளிந்து தொடர வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவன் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும், நிஜமாகவே திருட்டுப்பயலாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டே வந்தாள்.

போன தை மாதம் அவன் கடனை அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தான். போர் மேல் போர் போட்டும் புழுதிதான் கிளம்பியது. கரும்பு காய்ந்தது, வட்டி மட்டும் செழித்தது. வக்கீல் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். "நெலம் கோர்ட்டு கைக்குப் பூடும். ரிசீவர்னு கோர்ட்டு ஆளு ஒருத்தரு அத வித்து, கடன் குடுத்தவங்களுக்குப் பங்கு வெப்பாரு. நீங்க குடியிருக்கிற வூடு, ஏரு, உழவு மாடு, சட்டி பானை, இந்தம்மா தாலி, இதுல எவனும் கை வெக்க முடியாது. ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள யாரு பேர்லயாச்சும் எதையாச்சும் எழுதி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. கோர்ட்டு தோண்டி எடுத்துடும்."

தெய்வசிகாமணி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

வக்கீல் அதைக் கவனிக்கவில்லை. கமலா கவனித்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் எப்போது எச்சில் விழுங்குவான் என்பது அவளுக்குத் தெரியாதா? எங்கேயோ எதையோ ஒதுக்கி வைத்திருக்கிறான் மனுஷன். வெளியே வந்ததும் அவளுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. எதிர்க்கடையில் பூரி வாங்கித் தரச் சொல்லி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

நிலம் போயிற்று. ஏரும் மாடும் வீட்டில் இருந்தன, உழுவதற்குத்தான் இடமில்லை. கடன்காரர்கள் முன்போல நடுவீட்டில் வந்து உட்காருவதில்லை. கோர்ட்டுக்குப் பயந்து தெருவில் நின்றே பேசினார்கள். உரக்கடை வெங்கடேசன்தான் பெரிய குரல்காரன்.

"மலையில எவன் பேர்லயோ நெலத்த வாங்கிப் போட்டுக்கினு, எங்களுக்கு மஞ்ச கடுதாசி நீட்றானா உம்புருஷன்?"

"நாக்கு அழுகிப்பூடும்! அவரு ஒத்த ரூபா ஒளிச்சவரு இல்ல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு உள்ளே வருவாள். வந்து, வெங்கடேசன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் அவளிடமும் சாட்சிகள் இருந்தன. தெய்வசிகாமணி திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வருவான். கேட்டால், "கேஸ் விஷயமா அலையறேன்" என்பான். அவன் சட்டையை அலசினால் தண்ணீர் செம்மண் நிறமாகும். அவர்கள் ஊர் மண்ணோ கரிசல். செல்போனில் குப்பன் என்று ஒருவன் அடிக்கடி கூப்பிட்டான். யார் என்றால், "தெரிஞ்ச ஆளு" என்று ஒரு வார்த்தை. போதாக்குறைக்கு, மகள் சுபஸ்ரீயின் நர்சிங் காலேஜ் பீஸைத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லாதவன் கையில் காசு ஏது? குப்பன் பேரில் நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கராவது இருக்கும். பெண் படிப்பு நிற்காது. அந்த நினைப்பில்தான் கமலா ராத்திரி தூங்கினாள்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் அவன் இறங்கினான். கமலா அடுத்த வளைவில் இறங்கி, திரும்பி நடந்து, ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினாள். மேலே போனதும் மரவள்ளிக் கொல்லை விரிந்து கிடந்தது. ஆள் உயரச் செடி, செம்மண், ஓரமாகக் கிணறு. கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல நிலமாகத்தான் பார்த்திருக்கிறார்.

வரப்பில் நின்றிருந்த வயசாளி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் குப்பனா?"

"ஆமாங்க. நீங்க... தெய்வசிகாமணிக்குக் கடன் குடுத்தவங்களா?"

உண்மையைக் கறந்துவிட இதுதான் வழி என்று அவளுக்குத் தோன்றியது. "ஆமா. இது தெய்வசிகாமணி நெலந்தான? மறைக்காம சொல்லுங்க."

குப்பன் பதறிப்போனார். "ஐயோ, இல்லீங்க. எங்கப்பன் காலத்துலேர்ந்து எங்க நெலங்க இது. அவரு கெழங்கு புடுங்க கூலிக்கு வர்றவரு. கீழ ஊர்ல நாலு பேருக்கு வேலை குடுத்துட்டு, அங்கியே எப்படிக் கூலிக்கு நிக்கறதுன்னு இங்க வந்து கொட்டாயில படுத்துக்கினு செய்றாரு. மலைக் காளி சத்தியமா இதுல அவருக்கு ஒரு சென்ட் கூட இல்லீங்க. வுட்டுடுங்கம்மா."

"ஒரு சென்ட் கூடவா?" கமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"பொண்ணு படிக்குதாம்மா. அதுக்காகத்தான்."

கொல்லைக்கு நடுவே தெய்வசிகாமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தண்டைப் பிடித்து இழுத்தான். அது திடீரென்று பிடுங்கிக்கொண்டு வர, மல்லாந்து விழுந்தான். பக்கத்தில் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் மண்ணைத் தட்டினான்.

குப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு எவ்ளோம்மா தரணும் அவரு?"

கமலா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே அவன் இரண்டு கைகளிலும் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, அடுத்த செடிக்குக் காலை ஊன்றினான்.