பின்சக்கரத்தின் பிடி

சபிதாவுக்குத் தக்கலையில் ஒரு டயர் கடையில் வேலை. வீல் அலைன்மென்ட் எந்திரத்தை இயக்குவது அவள்தான். கணவன் ஜெரிஷ் மஸ்கட்டில் ஒரு கம்பெனி டிரைவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் போனில் பேசிக்கொண்டே இணையத்தில் கார் பந்தய விளையாட்டு ஆடுவார்கள். காரின் செட்டிங்கை மாற்றி அவனுக்கு அனுப்புவதும் அவள்தான்.

பங்குனியில் அவன் ஓட்டிய பிக்கப் வண்டி மணலில் சறுக்கிக் கவிழ்ந்தது. காயம் ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் அவன் கம்பெனி ஸ்டோரில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். வண்டிச் சாவியைத் தொடவில்லை.

விளையாட்டிலும் அவன் கார் வளைவுக்கு வளைவு சுற்றி நின்றது.

“பின்னால பிடியே இல்ல சபி. செட்டிங்க மாத்து.”

அவள் பந்தயப் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். காரில் குறையில்லை. பாதி வளைவில் அவன் பயந்து பிரேக்கை மிதித்தான், பின்பக்கம் வழுக்கியது. முன்பெல்லாம் அவன் அப்படி ஓட்டியதில்லை.

அதை அவள் சொல்லவில்லை. பின் சஸ்பென்ஷனை இளக்கினாள். பிரேக் விசையை முன்சக்கரத்துக்குக் கூட்டினாள். கார் மந்தமானது, ஆனால் சுற்றவில்லை.

“இப்பம் கொள்ளாம், நல்லா நிக்கு,” என்றான் அவன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் செட்டிங்கை ஒரு புள்ளி பழைய கணக்கை நோக்கித் திருப்பி வைத்தாள். அவனும் தன்னை அறியாமலே வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்கத் தொடங்கினான். ஒன்பதாவது வாரம் அவளை முந்திப் போனான்.

அன்றைக்குத்தான் அவன் செட்டிங்கைத் திறந்து பார்த்தான்.

“இது பழைய செட்டிங்குதானே? நீ ஒண்ணும் மாத்தலியா?”

“மாத்துனேன். பெறவு கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வச்சேன்.”

“எனக்கிட்ட சொல்லாமயா?”

“சொன்னா நீங்க வெளையாட மாட்டியள்.”

அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கூப்பிடவில்லை. சபிதா கடையில் கார்களுக்கு அடியில் குனிந்தபோதெல்லாம், சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தாள். மறைத்தது தப்புதான் என்று எழுதி அனுப்பினாள்.

திங்கட்கிழமை மதியம் அழைத்தான்.

“சூப்பர்வைசர பக்கத்துல இருத்திக்கிட்டு கம்பெனி வண்டிய துறைமுகம் வரைக்கும் ஓட்டுனேன்.”

“எப்பிடி இருந்து?”

“கை ரெண்டும் வேர்த்துப் போச்சு. வேற வண்டிக்காரனெல்லாம் ஹாரன் அடிச்சிட்டுத் தாண்டிப் போனான். நாற்பதுக்கு மேல போவல.”

“நாற்பது போதும்.”

“நாளைக்கும் வண்டி கேட்டிருக்கேன்,” என்றான். “இனி எதுன்னாலும் எனக்கிட்ட சொல்லிட்டுச் செய்யி, கேட்டியா.”

“செரி,” என்றாள் சபிதா. கடைக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அதை மேடையில் ஏற்றச் சொல்லிக் கைகாட்டினாள்.