யார் மடியில் நிலா

அண்ணனுக்குத் தாத்தா பெயரையே தூக்கி வைத்தார்கள்: தவசி. பின்னால் பிறந்த தம்பிக்கு மட்டும் ஊர் ஊராக விசாரித்து ராம்பிரசாத் என்று வைத்தார்கள். பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தவசி சிரிக்க மாட்டான்.

இருவரும் வேலை பார்ப்பது ஒரே விமானப்படைத் தளத்தில். தளம் என்றால் அத்தனை பேரும் ஆகாயத்தில் பறந்துகொண்டிருப்பதாகத்தான் அவர்கள் ஊரான சிலமலையில் நினைப்பு. ஒரு விமானம் மேலே போக வேண்டுமானால் கீழே சோறாக்குகிறவர், மழை வருமா என்று பார்க்கிறவர், ஓடுதளத்தில் பருந்து விரட்டுகிறவர், எண்ணெய் நிரப்புகிறவர் என்று ஒரு ஊரே கிடந்து வேர்க்க வேண்டும். தவசி அங்கே தீயணைப்பு வண்டி ஓட்டுகிறான். விமானம் இறங்கும்போதெல்லாம் ஓடுதளத்தின் ஓரத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பான். விமானம் பத்திரமாக இறங்கிவிடும். இவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போவான். தம்பி இன்ஜின் மெக்கானிக். சரக்கு விமானத்தோடு தானும் ஏறிப் பனிமலை வரைக்கும் போய்வருவான், அங்கிருந்து போட்டோ வேறு அனுப்புவான்.

தம்பியை ஆள் எடுக்கும் முகாமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதே தவசிதான். இதை இப்போது யாரும் சொல்வதில்லை. அவனேதான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவர்களோடு கூடப்பிறந்த ஒரே பெண் சிவரஞ்சனி. தவசிக்கு இளையவள், ராம்பிரசாத்துக்கு அக்கா. அவள் மகள் நிலாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவன் மடி. இதில் பேச்சுக்கே இடமில்லை என்றுதான் தவசி லீவு போட்டு, பட்டு வேட்டி எடுத்து, முதல் நாளே வந்து இறங்கினான்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் பிளக்ஸ் நின்றது. ஒரு விமானத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு ராம்பிரசாத். தவசியின் முகம் கீழே, சித்தப்பா பெரியப்பாக்களின் வரிசையில், எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. அந்த விமானம் பறந்து எத்தனையோ வருடம் ஆகிறது, தளத்து வாசலில் காட்சிக்கு நிறுத்தி வைத்திருப்பது என்று போகிற வருகிறவர்களிடம் சொல்ல அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டான்.

மறுநாள் கோயிலில் சிவரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்சிப் பேசினாள் என்றால் அவளுக்கு ஏதோ ஆக வேண்டியிருக்கிறது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சின்னவன் மடியில பிள்ளைய உக்கார வச்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு இவுக சொல்றாக. அவன் யூனிபாரத்தோட வர்றான்ல. அடுத்த பிள்ளைக்கு நீங்கதான்."

"எனக்கும் யூனிபாரம் இருக்கு ஆத்தா," என்றான் தவசி.

"இருக்குண்ணே. யாரு இல்லைன்னா." அதற்குள் அவள் பார்வை வாசல் பக்கம் போய்விட்டது. மதுரையிலிருந்து ராம்பிரசாத் இன்னும் வந்து சேரவில்லை.

நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். அப்போதுதான் தவசியின் போன் அடித்தது.

"அண்ணே, ஆண்டிபட்டி கணவாய்ல பஸ்சு நின்னு போச்சு. மச்சானோட ஜீப்ப அனுப்பச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்க. என் போன்ல சார்ஜ் இல்ல, அமந்துரும்."

"சரி," என்றான் தவசி.

ஜீப் கோயில் வேப்பமரத்தடியில் சும்மாதான் நின்றது. போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகிற அந்த ஜீப்புக்கு அன்று விடுமுறை. தங்கையின் புருஷன் ஈஸ்வரன் கூப்பிடு தூரத்தில் பந்தி இலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். தளத்தில் மணி அடித்தால், யாருக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே தவசியின் கால் வண்டியின் ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கும். இங்கே கூடப்பிறந்தவன் கூப்பிட்டும் கால் நகரவில்லை.

"யாருண்ணே போன்ல?"

"தளத்துல இருந்து. ஒண்ணும் இல்ல."

"சின்னவன் நம்பரு போக மாட்டேங்குது."

"அவன் எங்க மாட்டிக்கிட்டானோ. நேரம் போகுது ஆத்தா, வெரசா ஆகட்டும்."

சிவரஞ்சனி வாசலைப் பார்த்தாள், ஆசாரியைப் பார்த்தாள், கடைசியில் வேறு வழியில்லாமல் அண்ணன் கழுத்தில் மாலையைப் போட்டாள். நிலா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுது அவன் பட்டு வேட்டியை நனைத்தது. தவசிக்கு உச்சி குளிர்ந்துபோனது. போட்டோக்காரர் சொல்லாமலே பல்லைக் காட்டினான். சாவகாசமாக எழுந்து மாலையைக்கூடக் கழற்றாமல் ஈஸ்வரனிடம் போனான்.

"மாப்ளே, ஜீப்ப குடு. தம்பிய ஒரு எட்டு பாத்துக் கூட்டிட்டு வர்றேன்."

பாதி மனசு உறுத்தல். மீதி, பிள்ளை தன் மடியில் உட்கார்ந்ததைத் தன் வாயாலேயே அவனிடம் சொல்லும் ஆசை.

ஆண்டிபட்டி வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலிருக்கும் போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில், தேய்த்த யூனிபாரம் கசங்காமல், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ராம்பிரசாத் உட்கார்ந்திருந்தான். அண்ணன் கழுத்து மாலையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

"குத்தியாச்சா அண்ணே? பாப்பா ரொம்ப அழுதுச்சா?"

"பஸ்சு கணவாய்ல நின்னு போச்சுன்ன?"

"பஸ்சுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. விடியவுமே வந்துட்டேன். அங்க வந்தா அக்கா என்னையத்தான் பிடிச்சு உக்கார வைக்கும். மூத்தவுக நீங்க இருக்கையில நான் உக்கார்றதா? மாட்டேன்னா அது நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும். அதான் உங்களுக்கு அப்படி ஒரு போனப் போட்டுட்டு, நேரம் போகட்டும்னு இங்கயே இருந்துட்டேன்."

தவசி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கேட்டான்.

"ஏன்டா, ஜீப்பு வேணும்னுல்ல சொன்ன. நான் நெசமாவே எடுத்துக்கிட்டுக் கணவாய்க்குப் போயிருந்தா?"

அப்படி ஒன்று நடந்திருக்கக்கூடும் என்பது ராம்பிரசாத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

"அத நான் நெனச்சே பாக்கலண்ணே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னான். பிறகு கடைக்காரரைப் பார்த்து, அண்ணனுக்கு ஒரு டீ போடச் சொன்னான், சர்க்கரை தூக்கலாக.

இவ்வளவு நாளும் தவசி தம்பியின் வேலையைப் பார்த்து வெந்தான், இப்போது அவன் மனசையும் பார்த்து வெந்தான். தம்பி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்ததும் மாலையைக் கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.